ஓட்டின் அடியில் ஒரு பெயர்: மறைந்துபோன ஆலைகளின் ஓடுகளையும் செங்கற்களையும் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்த என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுத் திண்ணையை அடுத்த அறையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கும். அதில் மல்லாந்து படுத்தால், ரீப்பர் சட்டங்களுக்கு நடுவே ஓட்டின் அடிப்பக்கம் தெரியும். ஒவ்வொரு ஓட்டிலும் ஒரே மாதிரி புடைத்த ஆங்கில எழுத்துகள் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய வயதில் நான் அதிகம் படித்தது அந்தக் கூரையைத்தான். பல வருடம் கழித்து வீட்டைப் பிரித்த அன்று நான் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசி ஓடு டிராக்டரில் ஏறிவிட்டது. மேஸ்திரியிடம் போய், "இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுங்களாண்ணா?" என்றேன்.

"ஒண்ணா? லோடே எடுத்துக்குங்க தம்பி, எப்படியும் பள்ளம் ரொப்பத்தான் போகுது" என்றார்.

அன்று எடுத்து வந்த நான்கு ஓடுகளில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. இப்போது ஓடும் செங்கல்லுமாக ஒரு அறை நிறைய இருக்கிறது. ஒரு ஆலை மூடப்பட்டால் கட்டடம் போய்விடும், கணக்குப் புத்தகம் செல்லரித்துப்போகும், வேலை பார்த்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். சுட்ட மண்ணில் பதிந்த பெயர் மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் அது எந்த வீட்டிலிருந்து, எப்போது வந்தது என்று யாராவது எழுதி வைத்தால்தான் அந்தப் பெயர் நமக்கு எதையாவது சொல்லும். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

எதைத் தேட வேண்டும்

நம் ஊரில் பெயர் பொறித்த சுட்ட மண் பொருள்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று மங்களூர் ஓடு. சீமை ஓடு என்றும் சொல்வோம். இலங்கையில் கலிக்கட் ஓடு என்பார்கள். இன்னொன்று சேம்பர் செங்கல்.

மங்களூர் ஓட்டின் கதை 1865-ல் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரத்துக் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட், மங்களூரில் நேத்ராவதி ஆற்றங்கரையை ஒட்டிய ஜெப்பு பகுதியில் முதல் ஓட்டு ஆலையைத் தொடங்கினார். மிஷனின் அச்சகத்தைக் கவனித்து வந்தவர் அவர். ஓட்டில் இத்தனை தெளிவாக எழுத்தைப் பதிக்கும் பழக்கத்துக்கும் அச்சுக்கோத்த கைக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் இந்த ஓட்டு வகையின் மூலம் பிரான்சில் இருக்கிறது. அல்சாஸ் பகுதியின் கிலார்தோனி சகோதரர்கள் 1841-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்த வகை ஓடு நேத்ராவதிக் களிமண்ணில் நன்றாக அமைந்தது. பிறகு கள்ளிக்கோட்டை, கோடக்கல், பாலக்காடு, பெரோக் என்று மிஷனின் ஆலைகள் பெருகின. உள்ளூர்க்காரர்களும் ஆளுக்கொரு ஆலை தொடங்கினார்கள். மங்களூரின் ஆல்புகர்க் குடும்பத்து ஆலை அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பாலக்காட்டுக் கணவாய் பக்கத்தில் இருப்பதால் கோவை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரப் பழைய வீடுகளில் இந்த ஓடுகள் நிறையக் கிடைக்கின்றன.

குயவர் சக்கரத்தில் வனைந்து செய்யும் நாட்டு ஓட்டில் பெயர் இருக்காது. அழகான பொருள்தான், ஆனால் அதைச் சேகரிப்பது வேறு பாதை.

செங்கல்லில் நாட்டுக்கல், சேம்பர் கல், வயர்கட் கல் என்று மூன்று வகை பார்க்கலாம். காளவாசலில் விறகு அடுக்கிச் சுட்ட நாட்டுக்கல் ஒன்று கருத்திருக்கும், ஒன்று வெளுத்திருக்கும். எழுத்து பெரும்பாலும் இருக்காது. சேம்பர் சூளையில் வெந்த கல் ஒரே நிறமாக இருக்கும். அதன் ஒரு முகத்தில் ஆழமில்லாத குழி இருக்கும், கலவை பிடித்துக்கொள்வதற்காக. அந்தக் குழிக்குள்தான் சூளைக்காரரின் இனிஷியல் இரண்டு மூன்று எழுத்துகளில் இருக்கும். இயந்திரத்தில் பிதுக்கிக் கம்பியால் அறுக்கும் வயர்கட் கல்லில் குழி கிடையாது. அதனால் சுவர் இடிபடும்போது கல்லைப் புரட்டிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். கட்டியபின் அந்த முகம் கலவைக்குள் மறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்து, இதில் பெயர் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மறைந்துபோன சூளை என்றதும் நூறு வருடம் முன்னால் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோவைக்கு மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுப்பது தொடர்பான வழக்குகளுக்குப் பிறகு, அனுமதியில்லாமல் இயங்கிய செங்கல் சூளைகளை 2021-ல் மூடினார்கள். அந்த மண்ணை அப்படித் தோண்டியிருக்கக் கூடாது, மூடியது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் கோவையின் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குள் அந்தச் சூளைகளின் எழுத்துகள் இருக்கின்றன. எந்த எழுத்து எந்தச் சூளை என்று தெரிந்தவர்கள் இன்று அந்த ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். இந்த வட்டாரத்துக்காரர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை அதுதான்: போய்க் கேட்டு எழுதி வைப்பது.

எங்கே, எப்படிக் கேட்பது

வீடு இடிக்கும் இடம்தான் முதல் இடம். இடிப்பு கான்ட்ராக்டர்கள் இரண்டு மூன்று பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, "ஓட்டு வீடு வந்தா ஒரு போன் போடுங்க" என்று சொல்லி வையுங்கள். அடுத்தது பழைய கட்டட சாமான் கடைகள். கதவு, நிலை, ஜன்னல் குவிந்திருக்கும் இடத்தின் பின்பக்கத்தில் ஓடு அடுக்கியிருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் கடையில் வாங்கும் ஓட்டுக்கு ஊர் தெரியாது. அதனால் என்னைப் பொறுத்தவரை அது இரண்டாம் பட்சம்தான்.

உரிமையாளரிடம் கேட்காமல் ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். பாழடைந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. நிற்கிற கூரையிலிருந்து ஓட்டை உருவுவதும், நிற்கிற சுவரிலிருந்து கல்லைப் பெயர்ப்பதும் கூடவே கூடாது. ஒரு ஓட்டை உருவினால் அடுத்த மழைக்கு உத்தரம் நனையும், அதோடு வீடு போய்விடும். இடிப்பவர்களிடம் மரியாதையாகப் பேசி, டீ வாங்கிக் கொடுத்து, அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்றால் அவர்களே எடுத்து நீட்டுவார்கள். சுவர் விழுகிற நேரத்தில் பக்கத்தில் போகவே போகாதீர்கள்.

வருடக்கணக்காக அடுக்கிக் கிடக்கும் ஓட்டுக் குவியலில் வெறும் கையை விடாதீர்கள். தேள், பூரான், கட்டுவிரியன் எல்லாவற்றுக்கும் பிடித்த இடம் அதுதான். குச்சியால் தட்டி, மேல் ஓட்டின் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி நம் பக்கமாகச் சாய்க்க வேண்டும்; திறப்பு நமக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்போது உள்ளே இருப்பது வெளியேறினாலும் நம் காலுக்கு வராது. கனமான கையுறையும் மூடிய காலணியும் கட்டாயம்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால் கல் முழுசாக வரும். ஒரு தட்டுத் தட்டினால் காரை உதிர்ந்துவிடும். சிமென்ட் கலவை கல்லை விடாது. இழுத்தால் எழுத்து இருக்கும் முகமே பெயர்ந்து வந்துவிடும். அதோடு போராடாமல், எழுத்து தெரிகிற உடைந்த துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் முழுசாக இருக்கும் அரைக்கல், பெயர் போன முழுக்கல்லைவிட எத்தனையோ மேல்.

எடுத்த ஓட்டை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்ததும் விரிசல் இல்லாததும் 'டங்' என்று வெண்கலம் மாதிரி ஒலிக்கும். உள்விரிசல் இருந்தால் 'தப்' என்று அடங்கிவிடும். ஒரு மாதிரியில் இரண்டு போதும்: ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று பரிமாறிக்கொள்ள.

1865 என்ற எண்ணைப் பற்றி

தொடக்கத்தில் நான் செய்த பெரிய தவறு இது. அப்புச்சி வீட்டு ஓட்டில் 'பேசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், 1865, மங்களூர்' என்று இருந்தது. வீடு 1865-ல் கட்டியது என்று சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அப்புறம் பெட்டியிலிருந்து பத்திரம் கிடைத்தது. மனை வாங்கியதே 1911-ல்.

ஓட்டில் இருக்கும் வருடம் பெரும்பாலும் ஆலை தொடங்கிய வருடம். நகைக்கடைப் பலகையில் 'தொடக்கம்' என்று போடுவது போலத்தான். அதே எண்ணைப் போட்டு எத்தனையோ வருடம் ஓடு அடித்திருக்கிறார்கள். காலத்தைக் கணிக்க எண்ணைவிடப் பெயர்தான் உதவும். முதல் உலகப் போரின்போது, ஜெர்மானியர்கள் நிறைய இருந்த அமைப்பு என்பதால் மிஷனின் தொழில்கள் அதன் கையை விட்டுப் போயின. 1919-ல் அவற்றை நடத்த காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனம் வந்தது. ஆக, பேசல் மிஷன் என்று இருந்தால் அந்தக் கைமாற்றத்துக்கு முந்திய ஓடு. காமன்வெல்த் என்று இருந்தால் பிந்தியது. ஊர்ப்பெயரும் கை கொடுக்கும். மிஷனின் பெரோக் ஆலை தொடங்கியது 1905-ல். அதனால் மிஷன் பெயரோடு பெரோக் என்று இருக்கிற ஓடு அதற்கு முன்னால் வந்திருக்க முடியாது.

இப்படி ஒவ்வொன்றாகக் கோத்தால் வீட்டின் கதையே வெளியே வரும். மங்களூருக்கு ரயில் வந்தது 1907-ல். பொள்ளாச்சிக்கு வந்தது 1915-ல். அப்புச்சி வீடு மனை வாங்கிய கையோடு கட்டியது என்று அம்மா சொல்வார். அப்படியானால் அந்த ஓடுகள் போத்தனூர் வரையோ பாலக்காடு வரையோ ரயிலில் வந்து, மீதித் தூரம் மாட்டு வண்டியில் வந்திருக்க வேண்டும். ஒரு ஓடு இரண்டரை மூன்று கிலோ இருக்கும். ஒரு சதுரம் கூரைக்கு, அதாவது பத்தடிக்குப் பத்தடிக்கு, சுமார் 140 ஓடு வேண்டும். எத்தனை வண்டி, எத்தனை நடை என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு கூரையில் பல ஆலைகளின் ஓடு கலந்திருக்கும். உடைந்ததற்குப் பதிலாகப் பிற்காலத்தில் மாட்டியவை அவை. தாழ்வாரத்து ஓரத்திலும், தென்னை மட்டை விழுகிற பக்கத்திலும் புது ஓடு அதிகம் இருக்கும். பழையது வேண்டுமென்றால் முகட்டை ஒட்டிப் பாருங்கள்.

சுத்தம் செய்வது

நான் மிகவும் வருத்தப்படுகிற விஷயம் இங்கே ஒன்று உண்டு. சிமென்ட் கறை போக வேண்டும் என்று ஒரு செங்கல் மேல் கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றினேன். கறை போனது, கூடவே எழுத்தின் விளிம்பும் கரைந்தது, கல் முழுக்க மஞ்சள் படை பிடித்தது. அந்த எழுத்துள்ள கல் இன்னொன்று எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. ஆசிட் வேண்டவே வேண்டாம். கம்பி பிரஷும், தண்ணீரைப் பீய்ச்சும் இயந்திரமும்கூட வேண்டாம்.

முதலில் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பாசி காய்ந்தால் தானாகச் சுருளும், தேங்காய் நார் பிரஷால் தேய்த்தால் போய்விடும். எழுத்துக்குள் அடைத்த காரையை மூங்கில் குச்சியைச் சீவிக் கூர்மையாக்கி மெல்லக் கிளறுங்கள்; மூங்கில் சுட்ட மண்ணைக் கீறாது. லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே செய்யுங்கள், மூக்கை மூடிக்கொள்ளுங்கள். செங்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விடாப்பிடியான சுண்ணாம்புப் பொட்டு இருந்தால் கல்லை முதலில் தண்ணீரில் முழுக்க நனைய விட்டு, அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டு வைத்து, உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள். கல் தண்ணீர் குடித்திருந்தால் வினிகர் உள்ளே இறங்காது.

வெள்ளையாக உப்புப் பூத்த கல்லை வாளித் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி ஒரு வாரம் வைக்கலாம். மழைத் தண்ணீர் இருந்தால் நல்லது. போர் தண்ணீரில் போட்டால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். நகத்தால் கீறினாலே உதிர்கிற வேகாத கல்லை மட்டும் தண்ணீரில் போடாதீர்கள், கரைந்துவிடும். கடைசியில் வார்னிஷ், எண்ணெய், ரெட் ஆக்சைடு எதுவும் பூச வேண்டாம். மண் மூச்சுவிடட்டும்.

கழுவும்போது எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். களத்தில் காயப்போட்ட பச்சைக்கல் மேல் காக்கை நடந்திருக்கும், அணில் ஓடியிருக்கும். என்னிடம் ஒரு சேம்பர் கல்லில் இரண்டு எழுத்துக்கு நடுவே நாய்க்குட்டியின் ஒரு காலடி இருக்கிறது. நான்கு விரலும் உள்ளங்காலும் தெளிவாகத் தெரியும். இன்னொன்றின் ஓரத்தில் கல்லைத் தூக்கியவரின் மூன்று விரல்கள் பதிந்திருக்கின்றன. என் விரலை அதில் வைத்தால் உள்ளே போகவில்லை, அத்தனை சின்ன விரல். சூளைக்குக் குடும்பத்தோடு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்தார்கள். அந்தக் கல்லை நான் பரிமாற்றத்துக்குக் கொடுப்பதில்லை.

படம் எடுப்பதும் படி எடுப்பதும்

நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. சாயங்காலம் அறையை இருட்டாக்கி, ஓட்டைத் தரையில் படுக்க வைத்து, டார்ச்சை அதன் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடியுங்கள். நிழல் விழுந்து, இல்லவே இல்லை என்று நினைத்த எழுத்தும் எழுந்து வரும். டார்ச்சை நான்கு பக்கமும் மாற்றி நான்கு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

அப்புறம் மைப்படி. கல்வெட்டுக்கு எடுப்பது போலத்தான், இன்னும் எளிது. பட்டம் செய்கிற மெல்லிய தாளை எழுத்தின் மேல் இறுக்கமாகப் பிடித்து, மெழுகு கிரேயானைப் படுக்கை வாட்டில் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். ஓட்டைத் தூக்க முடியாத இடத்தில், வீட்டுக்காரர் கொடுக்க மனமில்லாத இடத்தில், இந்தத் தாள் ஒன்றே போதும். என் சேகரிப்பில் பாதி இப்போது தாள்தான். ஒரு கிராம் கனமில்லை, ஒரு வீட்டுக்கும் சேதமில்லை.

எழுதி வைப்பது

எடுத்த அன்றே எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளினால் எந்தக் கல் எந்த ஊர் என்பது மறந்துபோகும். ஓட்டில் கம்பி கட்டுவதற்கு இருக்கும் சின்ன ஓட்டையில் நூல் கோத்து அட்டை கட்டலாம். செங்கல்லுக்குப் பென்சிலால் எழுத்தில்லாத முகத்தில் எண் போட்டால் போதும். அதே எண்ணில் நோட்டில் ஒரு பதிவு. என்னுடைய முதல் பதிவு இப்படி இருக்கிறது:

"எண் 1. மங்களூர் ஓடு. அடிப்பக்கத்தில் மூன்று வரி ஆங்கில எழுத்து. அம்மாவைப் பெற்ற வீடு, பொள்ளாச்சி வட்டம். திண்ணையை அடுத்த அறை, தெற்குக் கூரை, முகட்டிலிருந்து மூன்றாவது வரிசை. மனைப் பத்திரம் 1911. ஒரு மூலை பழைய உடைசல். சமையலறைப் பக்கத்து ஓடு வேறு ஆலை, புகை படிந்தது, எடுக்கவில்லை."

எடுக்காததையும் எழுதியது எத்தனை நல்லது என்பது பிறகுதான் தெரிந்தது. நீளம், அகலம், தடிமன், எடை, எழுத்தின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு அச்சு இருக்கும். ஒன்றில் எழுத்து தடித்திருக்கும், இன்னொன்றில் ஒரு எழுத்து திரும்பியிருக்கும், ஓரத்தில் தனியாக ஒரு எண் இருக்கும். வீட்டுக்காரர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

பெயரைத் தேடிப் போவது

மிஷன் ஆலைகளைத் தேடுவது எளிது. பேசல் மிஷனின் ஆவணக் காப்பகம் பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. உள்ளூர் ஆலைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய இடங்களுக்குப் போய், பழைய வணிக டைரக்டரிகளையும் பத்திரிகை விளம்பரங்களையும் புரட்டுங்கள். மாவட்ட கெசட்டியர்களில் தொழில் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள்.

சின்னச் சூளைகள் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதற்கு ஊர்தான் நூலகம். சென்னையில் சூளை, சூளைமேடு என்ற பேர்களிலேயே மறைந்துபோன காளவாசல்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலும் காளவாசல் காடு, ஓட்டாபீஸ் ஸ்டாப் என்று ஏதாவது ஒரு இடம் இருக்கும். அங்கே இருக்கிற வயதான கொத்தனாரிடமும் லாரி ஓட்டியவரிடமும் கல்லைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். படத்தைக் காட்டினால் யோசிப்பவர்கள், கல்லைக் கையில் வாங்கியதும் பேச ஆரம்பிப்பார்கள்.

வைக்கும் இடமும் சட்டமும்

நூறு ஓடு என்றால் முந்நூறு கிலோ. மாடியில் வைக்காதீர்கள், தரைத்தளத்தில் ஆங்கிள் ராக்கில் வையுங்கள். ஓட்டைப் புத்தகம் போல நெட்டுக்குத்தாக, நடுவில் சாக்குத்துணி கொடுத்து அடுக்குங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பது உடையும். செங்கல் பலகை மேல் இருக்கட்டும். நேராகத் தரையில் வைத்தால் ஈரத்தோடு உப்பையும் உறிஞ்சிக்கொள்ளும்.

சட்டம் சுருக்கமாக. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள ஒரு பொருளுக்கு நூறு வயது ஆகிவிட்டால் அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய மிஷன் ஓடு அந்த வயதைத் தாண்டிவிட்டது. அதனால் வெளிநாட்டு நண்பர் கேட்டால் மைப்படியை அனுப்புங்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லைக்குள் கிடக்கும் உடைசலைக்கூடத் தொடக் கூடாது. தோட்டத்தில் கிணறு வெட்டும்போது இன்றைய கல்லைவிட மிகப் பெரிய, தட்டையான செங்கல் வரிசை தென்பட்டால் உடனே வேலையை நிறுத்துங்கள். கீழடியில் வெளிவந்தது போன்ற கட்டுமானமாக அது இருக்கலாம். ஒரு கல்லையும் அசைக்காமல் படம் மட்டும் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலோ சொல்லிவிடுங்கள். அதை அதன் இடத்திலேயே வைத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும்.